வகுப்பு மேல்மாடியில், கடை முற்றத்தில்: அலங்கார ஓவியச் சந்தை ஏற்பாட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடைய ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். மரத் தட்டம், சுளகு, மண்முட்டி, துணிப்பை என்று வீட்டில் புழங்குகிற சாமான்களில் பூவும் கொடியும் தீட்டுகிற கலைக்கு யாழ்ப்பாணத்தில் மூன்று நாள் பயிற்சியும் சந்தையும் வைக்கப்போகிறீர்கள் என்று அறிந்தோம். நல்ல முயற்சி. வகுப்பெடுக்கவும் கடை போடவும் எங்களையும் அழைத்திருக்கிறீர்கள். வரச் சம்மதம். ஆனால் நீங்கள் அனுப்பிய ஒழுங்கின்படி வந்தால் இரண்டில் ஒன்றையும் ஒழுங்காகச் செய்யமுடியாது. ஏன் என்று விபரமாக எழுதுகிறோம்; கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஒழுங்கில் வகுப்புகள் காலை 9 மணியிலிருந்து மாலை 4 வரை மேல்மாடியில். கடைகள் காலை 9 மணியிலிருந்து மாலை 5 வரை கீழே, முற்றத்தில், தறப்பாளுக்குக் கீழே. வகுப்பெடுக்கிறவருக்குச் சம்பளம் இல்லை. பேர் பரவும் என்கிறீர்கள். கடைக்கு வாடகை உண்டு, விற்றதில் பங்கும் உண்டு. வகுப்பெடுக்க ஓர் ஆள், கடை போட வேறோர் ஆள் என்று நினைத்து இதை எழுதியிருக்கிறீர்கள் போல. இந்தத் தொழிலில் இரண்டும் ஒரே ஆள்தான். படத்தை யோசித்து வரைகிறவர், பலகையைத் தேய்த்துப் பூசுகிறவர், வகுப்பில் பிறஷ் பிடிக்கக் காட்டுகிறவர், பிறகு அதே பிறஷையும், பார்த்துப் பதித்துத் தீட்டுகிற கோட்டுப்படத்தையும் விற்கிறவர் எல்லாம் அவரேதான். அவரிடம் வாங்குகிறவர் யார்? அவருடைய வகுப்பில் இருந்து எழும்பி வருகிறவர். அவர் மேலே படிப்பித்துக்கொண்டிருக்கும்போது கீழே கடை பூட்டிக்கிடக்கும். அவர் இறங்கி வரும்போது சனம் போய்விடும்.

வெளிநாடுகளில் இதைப் பல வருடமாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1972இல் தொடங்கிய அலங்கார ஓவியர் சங்கத்தின் வருடாந்த மாநாடுகளில் வகுப்பும் வியாபாரக் கூடமும் அருகருகேதான் நடந்துவந்தன. வகுப்புக்கு முன்கூட்டியே பெயர் பதிந்து காசு கட்டவேண்டும். அவர்களுடைய விடுதியும் குளிரூட்டியும் எங்களுக்கு வேண்டாம். அந்த ஒழுங்கு மட்டும் வேண்டும்.

ஆகவே முதலில் நேரசூசி. காலை வகுப்பு 8.30 தொடக்கம் 11.30 வரை. அதன்பிறகு 2 மணிவரை வகுப்பே வேண்டாம். பிற்பகல் வகுப்பு 2 தொடக்கம் 5 வரை. கடைகளை 11 மணிக்குத் திறந்து இரவு 7 மணிவரை வைத்திருங்கள். இங்கே வெயில் தணிந்த பிறகுதான் குடும்பமாக வெளியில் இறங்குவார்கள். 5 மணிக்குச் சந்தையை மூடுவது வருகிற ஆட்களின் முகத்தில் படலையைச் சாத்துவதுபோல. வகுப்பு முடிந்து கை கழுவின கையோடு, 'அந்தப் பிறஷ் என்ன நம்பர்? அந்த ரோஸ் நிறம் எங்கே வாங்கலாம்?' என்று கேட்டுக்கொண்டு வருவார்களே, அந்த முதல் நாற்பது நிமிஷம்தான் எங்கள் வியாபாரம். கடை வகுப்பறை வாசலில் இருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கவேண்டும். மாடி இறங்கி, முற்றம் தாண்டி, சாப்பாட்டுக் கடையையும் தாண்டி வரவேண்டும் என்றால் பாதிப்பேர் சாப்பாட்டோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

வகுப்புகளும் கீழ்த்தளத்திலேயே இருக்கட்டும். படிக்க வருகிறவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் அம்மம்மாமாரும் நிறைய. முழங்கால் நோவோடு ஒரு நாளைக்கு நாலு தரம் மாடி ஏறி இறங்கச் சொல்லாதீர்கள்.

இனி எண்ணிக்கை. எங்களுக்கு மிகவும் முக்கியமானது இதுதான். 'எத்தனை பேர் வருவார்கள் என்று அன்றைக்குத்தான் தெரியும்' என்று எழுதியிருக்கிறீர்கள். சங்கீதக் கச்சேரிக்கு அது சரி. மூன்று மணித்தியால ஓவிய வகுப்புக்குள் ஒரு பொருளை முடித்துக் கையில் கொடுக்கவேண்டும் என்றால், வேலையின் பெரும்பகுதி வகுப்புக்கு முன்னமே முடிந்திருக்கவேண்டும்.

ஒரு வகுப்பை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். 20 பேர். ஆளுக்கு ஒரு 10 அங்குல வட்ட மரத் தட்டம். விளிம்பைச் சுற்றி நித்தியகல்யாணிப் பூவும் இலையும். தட்டம் தச்சரிடமிருந்து வந்ததும் 150 நம்பர் சான்ட்பேப்பரால் தேய்க்கவேண்டும், பிறகு 220ஆல். ஈரத்துணியால் தூசு துடைத்து, மரத்தின் துளைகளை அடைக்கிற சீலர் ஒரு பூச்சு. சீலர் காய்ந்ததும் மரத்தின் நார் எழும்பி உள்ளங்கைக்குச் சொரசொரக்கும். அதை 320 நம்பரால் மெதுவாகத் தடவி எடுக்கவேண்டும். இந்த ஒரு படியை விட்டால் பிறகு கோடு இழுக்கும்போது பிறஷ் நாரில் தடக்கி நடுங்கும்; படிக்கிறவர் தன் கைதான் நடுங்குகிறது என்று நினைப்பார். அதன்மேல் அடி நிறம் இரண்டு பூச்சு. ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் காய்ந்த காலநிலையில் அரை மணித்தியாலம், மழைக்காலத்தில் அதன் இரண்டு மடங்கு.

10 அங்குலத் தட்டத்தின் ஒரு பக்கம் ஏறத்தாழ 500 சதுர சென்ரிமீற்றர். இரண்டு பக்கம், இரண்டு பூச்சு என்றால் 2,000. தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் நிறம் ஒரு லீற்றர் 8 தொடக்கம் 10 சதுர மீற்றர்வரை பரவும் என்று வைத்தால் தட்டத்துக்கு 20–25 மில்லிலீற்றர். 20 தட்டத்துக்கு அரை லீற்றர். காயும் நேரத்தை விட்டுப் பார்த்தாலும் தட்டம் ஒன்றுக்கு அரை மணித்தியாலக் கைவேலை. அப்படி 20 தட்டத்துக்கு 10 மணித்தியாலம். இதை முதல் நாள் இரவு தொடங்கமுடியாது. தட்டம் செய்து தரத் தச்சருக்கும் இரண்டு கிழமை வேண்டும்.

12 பேர் என்று சொல்லிவிட்டு அன்று காலை 22 பேரைக் கொண்டுவந்து இருத்தினால் என்ன நடக்கும்? மேலதிகமான பத்துப் பேருக்கும் ஒன்றும் பூசாத வெறும் பலகை. அவர்கள் பூசிக் காயவைக்கும்வரை மற்றப் பன்னிரண்டு பேரும் கதிரையில் இருந்து கதைப்பார்கள். முதல் ஒன்றரை மணித்தியாலம் அதிலேயே போகும். பூவுக்கு வந்து சேரும்போது வகுப்பு முடிகிற நேரம். மறுதலையாக 20 பேர் என்று சொல்லி 9 பேர் வந்தால், 11 தட்டம் ஒரு குறிப்பிட்ட நீலத்தில் பூசப்பட்டு எங்கள் தலையில் கிடக்கும்.

ஆகவே பெயர்ப்பதிவை 21 நாளுக்கு முன் மூடுங்கள். முழுக்காசையும் அதற்குள் வாங்குங்கள். அந்தத் திகதிவரை விலகுகிறவருக்குக் காசைத் திருப்பிக் கொடுக்கலாம். அதற்குப் பிறகு விலகினால் காசு இல்லை, ஆனால் அவருக்கென்று தயாரித்த சாமான் பொதியை அவருக்கே கொடுத்துவிடுவோம். வீட்டில் இருந்து தீட்டட்டும். 8 பேருக்குக் குறைந்தால் அந்த வகுப்பை அந்தத் திகதியிலேயே நிறுத்துங்கள், ஆசிரியருக்கும் சொல்லிவிடுங்கள். 'பரவாயில்லை, வந்து பாருங்கோ' என்று யாரையும் வாசலில் வைத்துச் சேர்க்கவேண்டாம். உங்களுடைய சொந்தக்காரராக இருந்தாலும்தான்.

பொதிக்குள் என்ன இருக்கவேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறோம், அறிவித்தலில் போட வசதியாக இருக்கும். அடி நிறம் பூசிய தட்டம், கோட்டுப்படம், நிறங்களின் பெயரும் படிமுறையும் எழுதிய தாள், முடிந்த பொருளின் வர்ணப் படம், மூடியுள்ள சின்னக் குப்பிகளில் ஐந்து நிறம், கோட்டைப் பதிக்கிற காபன் கடதாசித் துண்டு. நிறத்துக்கு ஆளுக்கு 4–5 மில்லிலீற்றர் காணும். 60 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று 12 பேருக்கு வரும். வெள்ளை மட்டும் இரண்டு மடங்கு. எல்லாப் பூவும் வெள்ளையைக் குடிக்கும். காபன் கடதாசி தட்டச்சுக்குப் பாவிக்கிற நீலக் காபனாக இருக்கக்கூடாது. அதன் மை எண்ணெய்ப்பசை. மேலே பூசுகிற வெள்ளைக்குள்ளால் நீலம் கசியும். பென்சில் கரி பூசிய தாள்தான் வேண்டும். கிடைக்காவிட்டால் கோட்டுப்படத்தின் பின்பக்கத்தில் 4பி பென்சிலால் தேய்த்துக்கொள்ளலாம்; இருண்ட அடி நிறத்துக்குச் சோக்.

பிறஷ் பொதிக்குள் வராது. அதைக் கடையில் வாங்கட்டும், அல்லது வகுப்புக்கு இரவலாகத் தருவோம். பாடசாலைப் பெட்டிக்குள் வருகிற முரட்டு மயிர்ப் பிறஷைக் கொண்டுவரவேண்டாம் என்று அறிவித்தலில் தெளிவாகப் போடுங்கள். இரட்டை நிறத் தீட்டலுக்கு முக்கால் அங்குலத் தட்டையான நைலோன் பிறஷ்தான் வேண்டும். இதைக் கொஞ்சம் விபரித்தால் வகுப்பில் ஆளெண்ணிக்கை ஏன் முக்கியம் என்பது உங்களுக்கே விளங்கும்.

பிறஷை நனைத்துத் துணியில் ஒற்றவேண்டும். ஒரு மூலையை ரோஸ் நிறத்திலும் மற்ற மூலையை வெள்ளையிலும் தொட்டு, தட்டில் ஒரே இடத்தில், இரண்டங்குல நீளத்துக்குப் பத்துப் பதினைந்து தரம் முன்னும் பின்னும் இழுத்தால் நடுவில் இரண்டும் கலந்து மெல்லிய சாயல் வரும். பிறகு தட்டத்தில் வெள்ளை மூலை நடுவைப் பார்க்க வைத்து, அமத்தி, அந்த மூலையையே அச்சாகப் பிடித்துக் கொஞ்சம் திருப்பி, மெதுவாகத் தூக்கினால் ஓர் இதழ். நித்தியகல்யாணிக்கு ஐந்து இதழ், ஐந்தும் ஒரே அசைவு. அதனால்தான் புதியவர்களுக்கு அது ஏற்ற பூ. செவ்வரத்தைக்கு விளிம்பு நெளியவேண்டும், முதல் நாளில் வராது.

தண்ணீர் கூடினால் இரண்டு நிறமும் ஓடி ஒரே சேறாகும். குறைந்தால் மயிர் பிளந்து இதழில் கோடு கோடாக வெறுமை விழும். நிறம் மயிரின் மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்கு ஏறாவிட்டால் இரண்டாவது இதழிலேயே காயும். தகரப் பிடிக்குள் ஏறினால் அங்கேயே இறுகி, பிறஷ் விரிந்துபோகும், அதோடு அந்தப் பிறஷ் முடிந்தது. இதில் எந்தப் பிழை நடக்கிறது என்பதைத் தூரத்தில் நின்று பார்த்துச் சொல்லமுடியாது. பக்கத்தில் போய் அந்த ஆளின் பிறஷைப் பார்க்கவேண்டும். ஓர் ஆசிரியர் அப்படிச் சுற்றிவரக்கூடியது 15 பேரை. ஓர் உதவியாளர் இருந்தால் 20. அதற்கு மேல் போனால் அது வகுப்பு இல்லை, செய்துகாட்டல். செய்துகாட்டலும் நல்லதுதான், அதை இலவசமாகக் கடை முன்னால் அரை மணித்தியாலம் செய்கிறோம்.

வகுப்புகளைத் தெரிவுசெய்யும்போது அழகான படத்தைப் பார்த்து மயங்கவேண்டாம். ஆசிரியர் அதைத் தனியே இருந்து தீட்ட எவ்வளவு நேரம் எடுத்தார் என்று கேளுங்கள். அதை மூன்றால் பெருக்குங்கள். அதுதான் வகுப்பு நேரம். அவருக்கு ஒரு மணித்தியாலம் என்றால் மூன்று மணித்தியால வகுப்புக்குச் சரி. 'நாலு மணித்தியாலத்தில் முடித்தேன்' என்று பெருமையாகச் சொன்னால் அதை இரண்டு நாள் வகுப்பாகப் போடுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். முடியாத தட்டத்தோடு வீட்டுக்குப் போகிறவர் அதை அலுமாரிக்கு மேலே வைப்பார். அடுத்த வருடம் வரமாட்டார்.

பனையோலைச் சாமானில் தீட்டுகிற வகுப்பு ஒன்றாவது கட்டாயம் இருக்கவேண்டும் என்பதில் எங்கள் எல்லாருக்கும் ஒரே எண்ணம். பனை அபிவிருத்திச் சபை 1978இல் இருந்து இருக்கிற ஊரில், வெளியூர்ப் பலகையில் மட்டும் படம் போட்டு விற்பது வடிவில்லை. ஆனால் ஓலை மரத்தைப்போல நடக்காது. சுளகின் முகம் மினுமினுப்பு, நிறம் பிடிக்காமல் வழுகும். முதலில் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, வெள்ளை அடிப்பூச்சை மெல்லிசாக இரண்டு தரம் கொடுக்கவேண்டும். ஒரே தரத்தில் தடிப்பாகப் பூசினால் பின்னல் இடைவெளிக்குள்ளால் ஒழுகிப் பின்பக்கம் சொட்டும், ஓலையும் ஈரத்தில் நெளிந்துவிடும். பூசியபின் தட்டையாக வைத்துக் காயவைப்பது நல்லது. பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி, சாப்பாடு வைக்கிற பெட்டி போன்றவற்றில் உள்ளே பூசவேகூடாது, வெளியிலும் ஆவி படுகிற இடத்தில் தீட்டுவது வீண்வேலை.

சாயம் போட்ட ஓலையை எடுக்கவேண்டாம். சிவப்பும் ஊதாவும் பார்வைக்கு நல்லாய் இருக்கும். மேலே வெள்ளைப் பூப் போட்டால் ஒரு மணித்தியாலத்தில் பூ ரோஸாகும். அக்ரிலிக்கில் இருக்கிற தண்ணீர் சாயத்தைக் கரைத்து மேலே இழுக்கிறது. இன்னொரு பூச்சுப் போட்டால் அதுவும் ரோஸாகும். வகுப்பில் 20 சுளகும் ஒரே நேரத்தில் இப்படிச் சிவந்தால் ஆசிரியர் போய் ஒளிக்க இடம் தேடவேண்டும். சாயமில்லாத வெள்ளோலையில் பின்னின சுளகை முன்கூட்டியே சொல்லிவைத்து எடுப்பதற்கும் அந்த 21 நாள் வேண்டும்.

மரத்தையும் பார்த்து வாங்கவேண்டும். மாமரத் தட்டம் மலிவு, ஆனால் பூச்சி அரித்து உளுத்து, பூசிமுடித்த பிறகு ஊசித்துளையால் மாவு கொட்டும். தேக்கில் எண்ணெய்ப்பசை, ஸ்பிரிட்டால் துடைக்காமல் பூசினால் நகத்தால் கீறக் கழன்று வரும். மரநாரை அமத்திச் செய்த எம்.டி.எஃப். பலகைக்கு வெட்டின விளிம்புதான் எமன், தண்ணீர் பட்டால் பிஸ்கற்போல ஊதும். விளிம்புக்குச் சீலர் இரண்டு தரம். மண்முட்டியில் வெளியே தீட்டி உள்ளே தண்ணீர் விட்டால், தண்ணீர் மண்ணுக்குள்ளால் வந்து நிறத்தைக் கொப்பளமாகத் தள்ளும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. வெள்ளை உப்பும் பூத்துவிடும். தீட்டின முட்டியை 'அலங்காரத்துக்கு மட்டும்' என்று எழுதித்தான் விற்கவேண்டும்.

மண்டபத்துக்கு வருவோம். மேசை 6 அடிக்கு 2½ அடி, மேசைக்கு இரண்டு பேர். கலியாண வீட்டுச் சோடனைத் துணியைக் கழற்றிவிடுங்கள், தட்டம் அதில் வழுகும். மேலே மெல்லிய பிளாஸ்ரிக் விரிப்பு. வெளிச்சம் இரண்டு பக்கத்தாலும் வரவேண்டும்; பின்னால் மட்டும் இருந்து வந்தால் தீட்டுகிறவருடைய கையின் நிழலே கோட்டை மறைக்கும்.

மின்சாரம். பூச்சைச் சீக்கிரம் காயவைக்க எல்லாரும் ஹெயார் டிரையர் கொண்டுவருவார்கள். 13 அம்பியர் பிளக் ஒன்று 230 வோல்ற்றில் தாங்குவது ஏறத்தாழ 3,000 வாற். 1,500 வாற் டிரையர் இரண்டு போட்டால் அது நிறைந்துவிடும். ஒரு நீட்டுக் கம்பியில் நாலு டிரையர் போட்டால் கம்பி சூடேறும், அல்லது பிரேக்கர் விழும். விழுந்தால் மின்விசிறியும் லைற்றும் சேர்ந்து போகலாம். 20 பேரில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் போட்டால் 15,000 வாற், அதாவது 65 அம்பியர். மண்டபத்தின் மொத்த இணைப்பே அதைத் தாங்காமல் போகலாம். தனித்தனி இணைப்பில் இரண்டு 'காயவைக்கும் மேசை' போடுங்கள், மேசைக்கு இரண்டு டிரையர். வரிசையில் நின்று காயவைக்கட்டும். அந்த வரிசையில்தான் சிநேகிதமும் பிறக்கிறது.

தண்ணீர். ஆளுக்கு அரை லீற்றர்ப் போத்தல், மூன்று தரம் மாற்றினால் 20 பேருக்கு 30 லீற்றர். அந்தக் கழிவு எங்கே போகிறது என்பதில் கவனமாக இருங்கள். குடாநாட்டுக்கு வருடம் முழுதும் ஓடுகிற ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கிற நிலத்தடி நீரைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். அக்ரிலிக் கழுவின தண்ணீரைக் கிணற்றடி வாய்க்காலில் ஊற்றக்கூடாது. ஒரு பெரிய பீப்பாய் வையுங்கள். ஒரு பிடி படிகாரத் தூள் போட்டுக் கலக்கி இரவு விட்டால் நிறத்துகள் திரண்டு அடியில் தங்கும். தெளிந்ததை மெதுவாக வடித்து, அடிச்சேற்றைத் துணியில் வடிகட்டிக் காயவைத்துக் குப்பைக்குப் போடலாம். கை கழுவுகிற குழாயும் தேநீர்க் கோப்பை கழுவுகிற குழாயும் வேறுவேறாக இருக்கட்டும். நிறம் கலந்த தண்ணீர்ப் போத்தலைத் தேநீர் என்று நினைத்து வாயில் வைக்காத வகுப்பு உலகத்தில் இல்லை.

எப்போது நடத்துவது? ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம். மழையில் வானிஷ் பால்போல வெளிறும். ஸ்பிரே வானிஷில் கரைப்பான் ஆவியாகும்போது பரப்புக் குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிவதால் வருவது அது. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் எதிர்ப்பிரச்சினை: நிறம் பிறஷிலேயே காயும், தூசு ஈரப்பூச்சில் ஒட்டும். அந்தக் காலத்தில் நடத்தித்தான் ஆகவேண்டும் என்றால் ஈரத்தட்டு வேண்டும். சாப்பாட்டுப் பெட்டி ஒன்றின் அடியில் நனைத்த ரிசூக் கடதாசி, அதன்மேல் கேக் சுடும் எண்ணெய்த்தாள், அதன்மேல் நிறம். மூடி வைத்தால் மறுநாளும் ஈரமாய் இருக்கும். காய்வதைத் தாமதிக்கிற திரவமும் விடலாம். நூற்றுக்குப் பத்துப் பதினைந்துக்கு மேல் போனால் பிசுபிசுப்புப் போகாது.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளில் வெளிநாட்டுச் சனமும் காசும் ஊரில் இருக்கும் என்பது உண்மை. வீதிகள் மறித்திருக்கும், தங்க அறை கிடையாது, படிக்கிற பெண்கள் பாதிப்பேர் விரதம் என்பதும் உண்மை. எங்களுக்குப் பிடித்தது மாசி மாதம். மழை விட்டிருக்கும், சூடு தொடங்கியிராது. ஆனால் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிகளோடும் பங்குனித் தொடக்கத்தில் வருகிற வடக்கின் பெரும் சமர் என்கிற கிரிக்கெட் ஆட்டத்தோடும் மோதாமல் திகதி எடுங்கள். மத்திய கல்லூரியும் சென்ற். ஜோன்ஸும் விளையாடுகிற அந்த நாட்களில் ஆட்டோ பிடிப்பதே கஷ்டம். வெள்ளிக்கிழமை ஒரு நாளாக வந்தால் மதியச் சாப்பாடு மரக்கறி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கடைப் பக்கம். நீலத் தறப்பாளுக்குக் கீழே எல்லா நிறமும் நீலம். மஞ்சள் பச்சையாகத் தெரியும், சிவப்புச் செத்துக் கிடக்கும். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர் 'இது நான் பார்த்த நிறம் இல்லை' என்று திரும்பி வருவார். அவர் சொல்வது உண்மையும்கூட. உள்ளே இடம் இல்லை என்றால் வெள்ளைத் தறப்பாள் போடுங்கள். தகரத்துக்குக் கீழேயோ தறப்பாளுக்குக் கீழேயோ பகல் சூட்டில் அக்ரிலிக் இளகும்; நன்றாகக் காய்ந்ததுதான், ஆனாலும் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் ஒட்டி, பிரிக்கும்போது மேல்தட்டத்தின் பூ கீழ்த்தட்டத்துக்குப் போய்விடும். குமிழ்ப் பிளாஸ்ரிக்கை நேரே சுற்றினால் குமிழ் அச்சு வானிஷில் பதியும். இடையில் எண்ணெய்த்தாள் வைக்கவேண்டும். அதனால் எங்களுக்கு அடுக்குகிற இடம் குறைவாகவும் பரப்புகிற இடம் கூடவும் வேண்டும்: 10 அடிக்கு 10 அடி, பின்சுவரில் கொழுவிகள், பக்கத்தில் ஒரு பிளக்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பெட்டிக்குள் தட்டையாக அடங்குவதைத்தான் வாங்குவார்கள். ஒவ்வொரு பொருளிலும் 'மரம்', 'பனையோலை', 'அக்ரிலிக் நிறம்' என்று சிட்டை ஒட்டுகிறோம். அவுஸ்திரேலியா போகிறவர் மரச்சாமானையும் ஓலைச்சாமானையும் விமான நிலையத்தில் கட்டாயம் அறிவிக்கவேண்டும். பூச்சித்துளை இருந்தால் பறிபோகவும் கூடும். இதைச் சொல்லி விற்கவேண்டியது எங்கள் கடமை. நுழைவாயிலில் ஓர் அறிவித்தல் போடுவது உங்கள் பங்கு. சாமிப்படம் தீட்டிய பொருளை நிலத்தில் பரப்பி விற்க யாரையும் விடாதீர்கள், வாங்குகிற சனத்துக்கு மனம் ஒப்பாது.

5,000 ரூபாத் தாளோடு வந்து 350 ரூபாய்ச் சாமான் வாங்குகிறவர்கள் காலையிலேயே வருவார்கள். நுழைவுச்சீட்டு மேசையில் சில்லறை மாற்ற ஒரு பெட்டி வையுங்கள். கைபேசியால் காசு கட்டுகிற லங்கா கியூஆர் அட்டை எங்களில் பலரிடம் இருக்கிறது, ஆனால் மண்டபத்துக்குள் சிக்னல் இருந்தால்தான் அது வேலைசெய்யும். மண்டபத்தைப் பார்க்கப் போகும்போது கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு மூலைமூலையாக நடந்து பாருங்கள். கடைக்கு இரண்டு அனுமதி அட்டை வேண்டும்; ஆசிரியர் வகுப்பில் இருக்கும்போது கடையில் நிற்க ஓர் ஆள் தேவை.

காசுக் கணக்கை வெளிப்படையாகப் பேசுவோம். கணக்குக்கு ஒரு தொகை வைக்கிறோம். வகுப்புக்கு 2,500 ரூபா, அதில் பொதிச் செலவு 1,400 என்று வையுங்கள். மொத்தத்தில் நூற்றுக்கு 25 உங்களுக்கு என்றால் 625 போகும். ஆசிரியருக்கு மிஞ்சுவது தலைக்கு 475, இருபது பேருக்கு 9,500. மூன்று மணித்தியால வகுப்பு, பத்து மணித்தியாலத் தயாரிப்பு, உதவியாளர் கூலி, ஆட்டோக் காசு எல்லாம் அதற்குள். மரத்துக்கும் நிறத்துக்கும் நாங்கள் கொடுத்த காசிலும் நீங்கள் கால்வாசி எடுக்கிறீர்கள் என்பதுதான் இதன் பொருள். கற்பித்தல் கட்டணம் 1,100, பொதிக் கட்டணம் 1,400 என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். முதலாவதில் மட்டும் 25 வீதம் எடுங்கள், 275 ரூபா. ஆசிரியருக்கு 825 மிஞ்சும், இருபது பேருக்கு 16,500. பொதிக் கட்டணத்தைப் பதிவு மூடிய மறுநாளே எங்களுக்குத் தந்துவிடுங்கள், தச்சரும் நிறக்கடையும் சந்தை முடியும்வரை பொறுக்கமாட்டார்கள். கடைக்கு வாடகை எடுங்கள், அல்லது விற்றதில் பங்கு எடுங்கள். இரண்டும் வேண்டாம்.

கடைசியாக, கோட்டுப்படம். அதுதான் எங்கள் மூலதனம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஓவியத்தையும் காக்கிறது. ஆனால் வகுப்பறைக்குள் சட்டப் புத்தகத்தைத் தூக்க யாருக்கும் விருப்பமில்லை. பதிவுப் படிவத்திலேயே மூன்று வரி போட்டால் காணும். கோட்டுப்படத்தை வாங்கினவர் தன் கையால் தீட்டி எத்தனையும் விற்கலாம். அதைப் போட்டோப்பிரதி எடுத்தோ வாட்ஸ்அப் குழுவில் இட்டோ மற்றவருக்குக் கொடுக்கக்கூடாது. தன்னுடைய தட்டத்தைப் படம் எடுக்கலாம், ஆசிரியரின் கையைக் காணொளியாக எடுக்க அவரிடம் கேட்கவேண்டும். இது ஆசிரியருக்கும் பொருந்தும்: இணையத்தில் இன்னொருவர் போட்ட படத்தை எடுத்துத் தன் வகுப்பாக அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். 'இது என் சொந்தக் கோட்டுப்படம்' என்று கையெழுத்து வாங்கிய பிறகே வகுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். தேர்ச்சிலை யாளியும் கோலப் புள்ளியும் யாருடைய தனிச்சொத்தும் இல்லை. அதைப் பார்த்து ஒருவர் இருந்து வரைந்த கோடு அவருடையது.

திருத்திய நேரசூசியும் கட்டணப் பிரிப்பும் கையில் கிடைத்த ஒரு கிழமைக்குள், எங்கள் ஒவ்வொருவருடைய முடிந்த மாதிரிப் பொருள், தீட்ட எடுத்த நேரம், கூடிய ஆளெண்ணிக்கை, பொதி விபரம் எல்லாம் உங்களுக்கு வந்துசேரும். முற்றத்துக் கடைகளை உள்ளே எடுக்க வழியே இல்லை என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். மரத் தட்டத்தைக் குறைத்துத் துணிப்பையைக் கூட்டித் தயார்செய்கிறோம், துணி சூட்டில் அவ்வளவாக ஒட்டாது.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்தில் அலங்கார ஓவியம் கற்பித்தும் விற்றும் வருகிற சிலர்